கன்னத்தால் அடிக்கும் மணி

என் கால்களைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: பட்டறை முதலாளி லிம், வெல்டிங் வேலை செய்யும் என் நண்பன் பைசால், சக்கர நாற்காலியில் அமுதா அக்கா. இல்லாதவர்கள் அம்மாவும் அப்பாவும். அம்மா அந்நேரம் எங்கள் ஊரான பாலோவில் தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் மீகோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்திருப்பார். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்திருப்பார். மருத்துவம் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்திருந்தால் நாங்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டோம்.

எங்கள் பட்டறை ஊரிலிருந்து வெகு தொலைவில், தெப்ராவில் இருக்கிறது. கடைக்கு அலமாரி, கண்காட்சிக்கு மேடை, லாரிக்கு உள்கட்டு என்று எது கேட்டாலும் செய்வோம். என் வேலை வரைபடம் போடுவது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, மேலே போய் டிப்ளோமாவும் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சமயத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு எங்களிடம் புதுவிதமான வேலை ஒன்றைக் கொடுத்திருந்தது. விண்வெளி நிலையத்தின் அறை ஒன்றை அசல் அளவில், ஒட்டுப்பலகையிலும் அலுமினியத்திலும் செய்து தர வேண்டும். இதுவரை விண்வெளிக்குப் போனவர்கள் பெரும்பாலும் கை, கால், கண், காது எல்லாம் சோதித்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நடக்க முடியாதவர், பார்வை இல்லாதவர், காது கேளாதவர் போனால் அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி.

அமுதா அக்கா அந்தக் குழு அனுப்பிய சோதனையாளர். மாசாயில் அடுக்குமாடி வீட்டில் இருந்தபடி ஒரு நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் பதில் சொல்பவர். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முதல் நாளே என்னிடம் சொன்னார்: "மேல போனா எனக்கும் உனக்கும் ஒரே கதைதான் தம்பி. அங்க யாரும் நடக்கிறதில்ல."

உண்மைதான். எடையில்லாத இடத்தில் கையால் சுவரை லேசாகத் தள்ளினால் போதும், உடம்பு போய்விடும். ஆனால் ஓரிடத்தில் நின்று வேலை செய்ய, மற்றவர்கள் தரையில் உள்ள வளையத்துக்குள் கால் விரல்களை நுழைத்துக்கொள்வார்கள். அக்காவால் அது முடியாது. அதற்காக இடுப்பில் மாட்டும் பட்டை ஒன்றை வரைந்தேன். பார்வை இல்லாதவருக்காகச் சுவரெல்லாம் வாசலை நோக்கிப் போகும் மேடான கோடுகள். காது கேளாதவருக்காக ஆபத்து நேரத்தில் அதிரும் படுக்கை. புகை சூழ்ந்தால் அந்தக் கோடுகள் கண் தெரிந்தவருக்கும்தான் வழி காட்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எடையில்லாத நிலையைத் தரைக்குக் கொண்டுவர எங்களிடம் இருந்தது ஒரு சக்கரப் பலகை. கார் பட்டறைகளில் வண்டிக்கு அடியில் படுத்தபடி நுழைவார்களே, அது. அதில் படுத்துக் கைகளால் மட்டும் உந்திக்கொண்டு அறைக்குள் போவோம். எது எட்டுகிறது, எது எட்டவில்லை என்று குறிப்போம். என் கால் உதைத்துவிடக் கூடாது என்று லாரியில் சரக்குக் கட்டும் வாரால் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொள்வேன்.

"நீ கட்டிக்கிட்டுப் பாக்கற," என்று அக்கா கிண்டல் செய்வார். "அரை மணி நேரம் கழிச்சு அவுத்துட்டு தே ஓ குடிக்கப் போயிருவ."

அன்று பேச்சு ஒரு மூடியைப் பற்றி வந்தது. ஆபத்து நேரத்தில் ஆளைக் கூப்பிடும் சிவப்புப் பொத்தானுக்கு மேல் ஒரு கண்ணாடி மூடி உண்டு. மிதந்து போகும் எவருடைய முழங்கையாவது தவறுதலாக இடித்துவிடக் கூடாது என்பதற்காக. குழு கொடுத்த விவரத்தில் அது இருந்தது, நான் வரைந்தேன், பைசால் பொருத்தினான். மூடியைத் தூக்கி, உள்ளே கட்டை விரலை விட்டு அழுத்த வேண்டும்.

"கை வராதவங்க?" என்று அக்கா கேட்டார்.

"கையும் வராது, காலும் வராதுன்னா அந்த ஆள யாரு லா ராக்கெட்டுல ஏத்துவாங்க?" என்றார் லிம். பட்டறையில் எல்லோரும் மலாயும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அவருக்கும் அது பழக்கம். முதலாளி என்பதால் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏறும்போது நல்லாத்தான் இருப்பாங்க தவுக்கே. அங்க போயி விழுந்துட்டா?"

"அங்க விழ முடியாதுக்கா," என்றான் பைசால். "மிதக்கத்தான் முடியும்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான். அந்தச் சிரிப்போடு பைசால் குனிந்து என் வாரை அவிழ்த்தான். எழுந்தேன். முழங்கால் மடங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அலமாக்! ரொம்ப இறுக்கிட்டேன் லா," என்று பைசால் தைலப் புட்டியைத் தேடி ஓடினான். நோன்பு மாதக் களைப்போடு என் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டான். அவன் தேய்ப்பது ஏதோ காலுறைக்கு மேலே தேய்ப்பது போல இருந்தது. "இப்பத்தான் ஒழுங்கா சோதனை பண்ற," என்றார் அக்கா. நானும் சிரித்தேன். சுவரைப் பிடித்து எழுந்து, பால் கலக்காத தே ஓ குடிக்கவும் போனேன்.

அடுத்த இரண்டு நாளும் எல்லாப் பழியையும் அந்த வார் மேல் போட்டேன். பாதம் பஞ்சு மேல் நடப்பது போல இருந்தது: வார். நான் தங்கியிருந்த மாடி அறைக்கு ஏறும்போது கைப்பிடியை இழுத்து இழுத்து ஏற வேண்டியிருந்தது: வார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் டீ-சட்டைக்கு மாறினேன். அதற்கும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டேன். அம்மா கூப்பிட்டு "சாப்டியாய்யா?" என்றபோது "சாப்டேன்மா" என்றேன். கரண்டி நழுவியதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அளவுகளைக் கேட்க அமுதா அக்கா கூப்பிட்டார்.

"ஏன்டா சரா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கால் இன்னும் மரத்தே இருக்குக்கா. அந்த வாருதான்."

"கால் மட்டுமா?"

"விரலும் கொஞ்சம்."



"விரல்ல யாருடா வாரு கட்டுனா?" என்றார் அக்கா. "ஃபோன வை. பைசால வரச் சொல்றேன்."

பைசால் என்னை முதுகில் சுமந்து மாடிப்படி இறங்கினான். நோன்பு வைத்திருந்தவன். கீழே வந்து காரில் போட்டுவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்று மூச்சு வாங்கினான். "நீ ராக்கெட்ல போகாத. ரொம்ப கனம்," என்றான்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கட்டுப் போடாமலே கால்கள் அசையாமல் நான் உட்கார்ந்த முதல் தடவை அது. காத்திருந்தபோது கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. நாற்காலி உள்ளே போனது, ஆனால் உள்பக்கம் திறக்கும் கதவை மூட முடியவில்லை. பைசால் வெளியே திரும்பி நின்று, தன் சட்டையை விரித்து வாசலை மறைத்தான். எட்டாத கதவுகளைப் பற்றி நான் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றில்கூட வெட்கம் என்று ஒரு வரி இல்லை.

டாக்டர் என் வயதுக்காரர். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. அடுத்த கால், பிறகு முழங்கை. தட்டத் தட்ட அவர் முகம் மாறியது. சில வாரங்களுக்கு முன் வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கித் தின்ற கோழியால் வந்தது, தானாகச் சரியாகிவிட்டது.

பிறகு சோதனைகள். இறாலைப் போல உடம்பைச் சுருட்டிப் படுக்க வைத்து, முதுகெலும்பின் இடுக்கில் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். கை கால்களில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகத்தில் செய்தி கடத்துகிறது என்று பார்த்தார்கள். நோயின் பெயர் கிலான் பாரே. எனக்கு டாக்டர் சொன்னதை என் பட்டறை மொழியில் சொல்கிறேன். மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. வயிற்றுக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் காவல், அந்தக் கிருமியைப் போலவே இருக்கிறது என்று நினைத்து நரம்பின் உறையைத் தாக்குகிறது. உறை கிழிந்த கம்பியில் செய்தி போவதில்லை. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். ஆனால் ஏறுவது எங்கே நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"நெஞ்சு வரைக்கும் ஏறினா?" என்று கேட்டேன்.

"அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கப் போறோம். ஒரே மூச்சுல எண்ணுங்க."

மலாயில் எண்ணினேன். முப்பது வரை வந்தது. "நல்லது," என்றார். அன்றிலிருந்து காலை, மதியம், மாலை என்று எண்ணச் சொன்னார்கள். மறுநாள் இருபதைத் தாண்டவில்லை.

என்னைச் சேர்த்த அன்றே அம்மா வந்துவிட்டார். அப்பா மோட்டாரில் குளுவாங் வரை கொண்டுவந்து விட, அங்கிருந்து பஸ். கையில் ஒரு பிளாஸ்டிக் பையும் அதில் எனக்கு உடுத்த இரண்டு சாரமும். என் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். தலையணையோரம் தொங்கிய மணிப் பொத்தானைக் கண்டுபிடித்து, "இது எதுக்கு?" என்றார்.

"மிஸ்ஸியக் கூப்பிட," என்றேன். தாதியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

பார்வையாளர் நேரம் முடிந்து போகும்போது அந்தப் பொத்தானை என் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். நழுவாமல் இருக்க ஒரு கைக்குட்டையால் மணிக்கட்டோடு சுற்றிக் கட்டினார். "எதுன்னாலும் அமுக்கு. கூச்சப்படாத," என்றார்.

நடந்தது அடுத்த நாள் மாலை, நோன்பு திறக்கும் நேரத்தில். பலரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரத மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். வார்டில் மிஸ்ஸிகள் முறை வைத்துப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளப் போயிருந்தார்கள். இருந்த ஒருவர் கோடியில் வேறொரு நோயாளியைத் தூக்கிக்கொண்டிருந்தார். தூரத்துப் பள்ளிவாசல் பாங்கு ஒலி சன்னல் வழியாக வந்தது. நான் தலையணையிலிருந்து சரிந்து, மோவாய் நெஞ்சில் முட்டியபடி கிடந்தேன். மூச்சு மேலோட்டமாக வந்தது. இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று பார்த்தால் அங்கே இழுக்க ஒன்றும் இல்லை.

மணி என் கையில்தான் இருந்தது. அம்மா கட்டிய கைக்குட்டையும் அவிழவில்லை. கட்டை விரலை அழுத்தச் சொன்னேன். அழுத்தவில்லை. மறுபடி சொன்னேன். என் விரல் எனக்குத் தெரிந்தது, அதன் நகம், அதன் கீழே அழுக்கு, எல்லாம் தெரிந்தது. அது யாருடையதோ போலப் பொத்தானின் மேல் கிடந்தது. "மிஸ்ஸி" என்றேன். வந்தது காற்று.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது சாவு பற்றிய எண்ணம் இல்லை. கண்ணாடி மூடிதான். அதைத் தூக்கி, உள்ளே கட்டை விரலை விட்டு...

பக்கத்துக் கட்டிலில் செங் அங்கிள் இருந்தார். சர்க்கரை வியாதியால் ஒரு பாதத்தை எடுத்தவர். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் பதில் சொல்லாததைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை கேட்டார். பிறகு தன் கைத்தடியை எடுத்து, கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்பு மலச்சட்டியை அடி அடியென்று அடித்தார். வார்டே திரும்பியது.

ஓடி வந்த டாக்டர், "எண்ணுங்க," என்றார். ஏழு வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வழியில் கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அம்மாவுக்கு ஃபோன் செய்யும் குரல் கேட்டது. மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். பிறகு நாள்பட, வாய்க் குழாயை எடுத்துவிட்டுத் தொண்டையில் சிறு துளையிட்டு அதன் வழியே இயந்திரத்தை இணைத்தார்கள். குரல்நாண்களுக்குக் கீழே காற்று போய் வருவதால் பேச முடியாது. இது தற்காலிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு உள்ளே இருந்து பார்த்தால் அது முடியும் சுவர் தெரியாது.

அங்கே கிடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன், ஆனால் சொல்வது கடினம். அறிவு முழுதாக இருக்கிறது. வலி தெரிகிறது. மூக்கின் வலப்பக்கம் அரிக்கிறது. அது மெல்ல மெல்ல உலகத்திலேயே பெரிய விஷயமாகிறது. தலையணை உறையின் ஒரு மடிப்பு காதுக்கடியில் கத்தி போல அழுத்துகிறது. கடிகாரம் தலைக்குப் பின்னால் இருக்கிறது. போர்வைக்குக்கூட எடை இருக்கிறது. எடையில்லாத மனிதர்களுக்காக ஓர் அறை வரைந்தவன் நான். அங்கே ஒரு விரலால் உந்தினால் உடம்பு போகும். இங்கே என் உடம்பு ஒரு மூட்டை. அவர்கள் திருப்பினால் திரும்பும், இல்லையென்றால் இல்லை. வாரை அவிழ்க்கப் பைசால் வருவான் என்று சில சமயம் நிஜமாகவே காத்திருந்தேன்.

எனக்கு மிஞ்சியவை கண் இமையும் வலது கன்னமும். இடது கன்னம் தொய்ந்திருந்தது. வலது கன்னத்தைச் சிரிப்பதற்கு இழுப்பது போல இழுக்க முடிந்தது. கழுத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்ப முடிந்தது.

ரொஹானி மிஸ்ஸி எழுத்துப் பலகை ஒன்றைக் காட்டி, விரலை ஓட்டுவார். சரியான எழுத்தில் நான் கண்ணை மூட வேண்டும். அது ரோமன் எழுத்து. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு வரைதான் படித்தவர். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். இரண்டு நாள் கழித்து அமுதா அக்கா தமிழில் ஒரு பலகை அச்சடித்து அனுப்பிவைத்தார். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். பெரும்பாலும் எல்லோரும் அம்மாவுக்கே அந்த நேரத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பலகையை அவர் தொடவே மாட்டார். கட்டிலின் கால்பக்கம் நின்று, இரண்டு கைகளாலும் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் முடியும் வரை நிற்பார். அந்தப் பிடி எனக்கு உணர்வில் தெரியாது. கண்ணைத் தாழ்த்தினால் அவர் தோள் மட்டும் தெரியும்.

ஒரு காலையில் டாக்டர் நல்ல செய்தி சொன்னார். மூச்சு திரும்புகிறது, இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், அடுத்த வாரம் வார்டுக்கு மாற்றிவிடலாம். அம்மா கைகூப்பினார். எனக்கு அந்த வார்டுதான் நினைவில் வந்தது. இங்கே என் தலைமாட்டிலேயே ஒரு மிஸ்ஸி இருக்கிறார். வார்டில் தொண்டைத் துளையில் சளி அடைத்தால்? குரல் இல்லை, கையும் இல்லை. செங் அங்கிள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அன்று அம்மா பலகையை எடுத்ததும் வேகமாகக் கண் மூடினேன்.

"பெ," என்று படித்தார் அம்மா. "பெரியப்பாவா? அவரு நேத்தே வந்துட்டுப் போனாரு."

இல்லை என்று இரண்டு தடவை இமைத்தேன்.

"பெல்... பெல்லு! சரி, பெல்லு. அப்புறம்? க... கன்... கன்னம். அப்புறம்? அ... அமுதா." பலகையை இறக்கிவிட்டு என்னை முறைத்தார். "அமுதாவக் கன்னத்துல அறையணுமா? அந்தப் புள்ள உனக்கு என்னடா பண்ணுச்சு?"

என் வலது கன்னம் இழுத்தது. அந்தப் பிரிவுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. அம்மா அதைப் பார்த்தார். அந்தக் கன்னம் நகர்வதை உற்றுப் பார்த்தார். தன் விரலை அதன் மேல் வைத்து, "இதாலயா?" என்றார்.

ஒரு தடவை இமைத்தேன்.

அம்மா வெளியே போய் அக்காவுக்கு ஃபோன் செய்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். "மூச்சே விட முடியல, இவன் கன்னத்தால மணியடிக்கணுமாம். ஒனக்கு வெளங்குதாம்மா?" அக்காவுக்கு விளங்கியது.

பட்டறையில் லிம் பைசாலை வேறு எல்லா வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார். மருத்துவமனையின் மணியில் கை வைக்க அனுமதி இல்லை. அதனால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாசல் மணியை வாங்கினான் பைசால். கம்பி தேவையில்லாத, பேட்டரியில் ஓடும் மணி. பொத்தானை கைப்பேசியை மாட்டும் வளையும் தண்டில் மாட்டிக் கட்டிலோடு இணைத்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒலிக்கும் பெட்டியை மிஸ்ஸிகளின் மேசையில் வைக்கலாம். தானே படுத்து, கன்னத்தால் அழுத்திப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது என்று அம்மாவிடம் கொடுத்தனுப்பினான்.

என் கன்னத்தால் அதை அழுத்த முடியவில்லை. பொத்தான் தொட்டது, அமுங்கவில்லை. அம்மா, "இன்னும் கொஞ்சம்யா, இன்னும் கொஞ்சம்," என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வார்டுக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது.

அக்கா பட்டறைக்கே போய்ச் சண்டை போட்டதாகப் பின்னாளில் பைசால் சொன்னான். "உன் கன்னத்த வச்சு ஏன்டா சோதிச்ச? நீ வெல்டிங் பண்றவன். உனக்குக் கன்னத்துலகூட சதை இருக்கு!" பிறகு லிம்மும் சேர்ந்து மூவரும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இயந்திரங்களில் கதவு மூடியதா என்று பார்க்க ஒரு சின்னச் சுவிட்ச் வைப்போம், லிமிட் சுவிட்ச். ஈ உட்கார்ந்தால்கூட 'டக்' என்று விழும். வாசல் மணியைப் பிரித்து, பொத்தான் இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, மெல்லிய அலுமினியத் தகட்டை நீண்ட கையாகப் பூட்டினார்கள். கை நீண்டால் அழுத்தும் பலம் குறைவாகப் போதும். தகடு கன்னத்தைக் கிழிக்காமல் இருக்க அம்மா பாத்திரம் கழுவும் புதுப் பஞ்சு ஒன்றை வெட்டி அதன் நுனியில் நூலால் சுற்றினார்.

பஞ்சு வலது கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. சிரிப்பது போல இழுத்தேன்.

குருவி கத்தியது. வாசல் மணியின் சத்தம் அது. ரொஹானி மிஸ்ஸி முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்தார். "ஆமாம் தம்பி, வந்துட்டேன்," என்றார் மலாயில். மறுபடி அடித்தேன். சும்மாதான். மறுபடி வந்தார். மூன்றாவது தடவையும் அடித்தேன். "போதும் லா!" என்று சிரித்தார். எனக்குக் கண்ணீர் காதுக்குள் ஓடியது, துடைக்க முடியவில்லை. அதற்கும் மணி அடித்தேன்.

வார்டு மேட்ரன் அந்தப் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அனுமதித்தார். வார்டுக்குப் போன முதல் வாரமே சளி அடைத்தது. சோற்று நேரம், தட்டுகளின் சத்தம், யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. குருவி கத்தியது. ஆள் வந்தது. நடந்தது அவ்வளவுதான். எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் போவதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

திரும்பி வந்தது மிக மெதுவாக. தோள், பிறகு முழங்கை, பிறகு விரல். தொண்டைத் துளையை மூடிய பிறகு வந்த குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல இருந்தது. பாதத்தில் முதலில் திரும்பிய உணர்ச்சி என்ன தெரியுமா? சொரசொரப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போல ஏதோ உரசியது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். அப்பாவின் உள்ளங்கை.

"அப்பா, கையில ஏதாவது பூசக்கூடாதா? கீறுது," என்றேன்.

அப்பா சட்டென்று கையை எடுத்துவிட்டார். பிறகுதான் நான் சொன்னது அவருக்கு விளங்கியது. மறுபடி பிடித்துக்கொண்டு, இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

இதை எழுதும்போது தாங்கியைப் பிடித்து நடக்கிறேன். பட்டறையில் பாதி நாள் உட்கார்ந்து வரைகிறேன். நான் இல்லாததால் விண்வெளி அறையின் வேலை தள்ளிப்போயிருந்தது. முதல் வேலையாக அந்த மூடியை எடுத்தேன். அதன் இடத்தில் நீண்ட மெல்லிய கை ஒன்று, அறையின் நான்கு பக்கமும். விரல், முழங்கை, முழங்கால், கன்னம் எது மிஞ்சினாலும் அடிக்கலாம். ஒரு நொடி தொட்டபடி இருந்தால்தான் ஒலிக்கும், அதனால் மிதந்து போகிறவர் இடித்தால் ஒன்றும் ஆகாது. குழுத் தலைவர், "இருந்தாலும் தவறுதலாக அடித்துவிட்டால்?" என்று கேட்டார். அமுதா அக்கா, "தப்பா அடிச்சா வந்து பாத்துட்டுப் போங்க சார். மிஸ்ஸி போகலயா?" என்றார்.

காட்சிக்கு வைக்க அந்த அசல் மணியைத் தர முடியுமா என்று லிம் என் மூலம் அம்மாவிடம் கேட்டனுப்பினார். பட்டறைப் பணத்தில் வாங்கியதுதானே. அம்மா தரவில்லை. அவர் வார்டு நாட்களிலேயே பைசாலைப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்றவன் சட்டைப்பையில் அதன் விலையைத் திணித்திருக்கிறார். முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.

"ஏம்மா, அவங்க சும்மாதானே குடுத்தாங்க?"

"சும்மா குடுத்தத நாளைக்குத் திருப்பிக் கேப்பாங்கள்ல? இப்பப் பாரு, கேக்குறாங்க. இது என் புள்ளையோட மணி. ராக்கெட்டுக்கு வேணும்னா வேற வாங்கிக்கச் சொல்லு."

மணி பாலோ வீட்டில், நான் தேறிவந்தபோது படுத்திருந்த கட்டிலின் சட்டத்தில்தான் இன்னும் இருக்கிறது, பஞ்சோடு. அரசு மருத்துவமனைக் கட்டணம் பயந்த அளவு இல்லை. மற்றச் செலவுகள் சேர்ந்துதான் கணக்குப் பெருகியது: பஸ், மருத்துவமனைக்குப் பக்கத்தில் அம்மா தங்கிய அறை, அம்மா வேலைக்குப் போகாத மாதங்கள், அப்பா விட்ட ஞாயிற்றுக்கிழமைக் கூலி, நடக்கும் தாங்கி. எல்லாம் முழு வெள்ளியாக வந்தது. மொத்தக் கணக்கின் கடைசியில் நிற்கும் சில்லறை மட்டும் மணியுடையது.

ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு வெள்ளி தொண்ணூறு காசு.